மதத்தின் உண்மையான பொருளை எங்கே தொலைத்தோம்?

கேள்வி இதுதான்: வழிபாட்டு இடங்களில் கூட்டம் குறையவில்லை, ஆன்மிகப் பேச்சுக்கும் பஞ்சமில்லை, ஆனாலும் மனிதர்களிடம் இரக்கமோ நேர்மையோ கூடியதாகத் தெரியவில்லையே, இன்றைய சமூகம் மதத்தின் உண்மையான பொருளைத் தொலைத்துவிட்டதா?

தொலைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அறிவியல் வந்தது, நாகரிகம் கெடுத்தது, இளைஞர்களுக்குப் பயபக்தி இல்லை என்று பழியை வெளியே போடுவது சுலபம். கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியேறியவர் மதத்தின் பொருளை எப்படித் தொலைத்திருக்க முடியும், அவர் கையில்தான் அது இல்லையே. உள்ளே இருந்துகொண்டு, தினமும் கும்பிட்டுக்கொண்டு, நாள் கிழமை தவறாமல் எல்லாம் செய்துகொண்டு தொலைத்தவர்கள் நாம்தான்.

என்ன தொலைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் பெரிதாக வேரூன்றிய மதங்கள் கடவுளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன, பௌத்தமும் சமணமும் படைத்த கடவுள் என்ற ஒருவரையே ஏற்பதில்லை. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவில் ஒரு விஷயத்தில் மட்டும் அவை ஒரே பக்கம் நிற்கின்றன: நீ இப்போது இருக்கிற மாதிரியே இருக்கக் கூடாது, உன் ஆசை, உன் கோபம், உன் பணம், உன் 'நான்' எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும், அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, அது வலிக்கும். அதாவது மதம் மனிதனிடம் எதையோ கேட்டது. இன்று அந்தத் திசை அப்படியே திரும்பிவிட்டது, மனிதன்தான் மதத்திடம் கேட்கிறான். நிம்மதி கொடு, அடையாளம் கொடு, வெற்றி கொடு, என் பக்கம்தான் சரி என்று சொல். கொடுக்காவிட்டால் வேறு குருவைப் பார்க்கிறான்.

சரி, அந்தக் காலத்தில் மட்டும் எல்லோரும் உத்தமர்களாக இருந்தார்களா? இல்லவே இல்லை. பொற்காலம் என்று ஒன்று இருந்ததாக நினைத்தால் இந்தப் பேச்சே திசைமாறிப் போகும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் என்று ஓர் ஆட்டிடையர், அத்திமரம் பராமரித்துப் பிழைத்தவர், இஸ்ரவேலின் வடக்கு அரசில் பெத்தேல் என்ற வழிபாட்டுத் தலத்துக்குப் போய்ப் பேசினார். அங்கே பண்டிகைக்கும் பலிக்கும் பாட்டுக்கும் எந்தக் குறையும் இல்லை. அவர் கோபப்பட்டது வேறொன்றுக்காக. ஓய்வுநாள் எப்போது முடியும், தானியக் கடையை எப்போது திறக்கலாம், மரக்காலைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கித் தராசில் எப்படி ஏமாற்றலாம் என்று வழிபாட்டில் உட்கார்ந்தபடியே வியாபாரிகள் கணக்குப் போடுகிறார்கள் என்றார். ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறீர்கள் என்றார். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், பாட்டை நிறுத்துங்கள், நியாயம் தண்ணீரைப் போல ஓடட்டும் என்று கடவுளே சொல்வதாகச் சொன்னார். அந்த ஊர்ப் பூசாரி அவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னதும் பைபிளில் பதிவாகி இருக்கிறது. இரண்டாயிரத்து எழுநூறு வருடம் ஆகிவிட்டது, ஆனால் தொழுகிற நேரத்தில் கடைக் கணக்கு ஓடும் அந்த மனதை நமக்கு நன்றாகவே தெரியும். 1517ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் என்ற துறவி எழுந்ததும், கிறிஸ்தவத் திருச்சபை பாவத் தண்டனைக் குறைப்பைப் பணத்துக்கு விற்றதை எதிர்த்துத்தான். ஆக மதத்தை வியாபாரமாக்குவதும் வெறும் சடங்காக்குவதும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

அப்படியானால் புதிதாக என்ன நடந்தது? ஆமோஸ் திட்டியபோது திட்டு வாங்கியவர்களுக்கு அது புரிந்தது. தராசில் ஏமாற்றிவிட்டுப் பலி கொடுப்பது தப்பு என்கிற அளவுகோல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது, அதற்குள் நின்றுதான் ஒருவர் குற்றம் சாட்டினார், மற்றவர் கோபப்பட்டார். மனிதன் அந்த அளவுக்கு எட்டாமல் விழுந்தான், அளவு விழவில்லை. இன்று அளவுகோலே மாறிப்போனது. ஒரு பயிற்சியோ வழிபாடோ நல்லதா என்று கேட்டால், "எனக்கு நல்லா ஃபீல் ஆகுது" என்று பதில் வருகிறது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. உன் தராசு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், ஆன்மிகத்தில் எதற்கு இதைக் கொண்டுவருகிறீர்கள் என்பார்கள்.

இதைத் தியானத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். புத்தர் துன்பம் நீங்கும் பாதையாகச் சொன்ன எட்டு அங்கங்களில் கவனம், அதாவது நினைவோடு இருத்தல், ஏழாவதாக வருகிறது. அதற்கு முன்னால் நல்ல பேச்சு, நல்ல செயல், நல்ல பிழைப்பு என்று வரிசையாக நிற்கின்றன. பிழைப்பு என்றால் சும்மா பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்காதே என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பதஞ்சலியின் யோகத்திலும் அதே கதைதான். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதலில் வருவது துன்புறுத்தாமை, உண்மை, திருடாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. அப்புறம் தூய்மை, மனநிறைவு மாதிரியான நியமங்கள். அதற்குப் பிறகுதான் உடம்பை உட்கார வைப்பது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிற யோகாவில் மூன்றாவது அங்கம் முதலாகிவிட்டது, முதல் அங்கம் வகுப்பறைக்குள்ளேயே வருவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1979ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பௌத்த தியானத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து, மத அடையாளங்களை நீக்கி, நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வலியில் தவிக்கிறவரிடம் போய் உன் பிழைப்பு நேர்மையானதா என்று விசாரிக்க முடியாது, அவருக்கு வலி குறைந்தால் போதும். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான் வருத்தப்படுவது அதற்கு அடுத்து நடந்ததற்கு. ஆட்களை நசுக்கி வேலை வாங்குகிற நிறுவனமே, நசுங்குகிறவர்களுக்கு மதிய இடைவேளையில் தியான வகுப்பு வைக்கிறது. எதைப் பார்த்து மனம் கலங்க வேண்டுமோ அதைப் பார்த்துக் கலங்காமல் இருக்கத் தியானம் கற்றுத் தரப்படுகிறது. புத்தர் சொன்ன வரிசையில் மூன்று, நான்கு, ஐந்தை நீக்கிவிட்டு ஏழாவதை மட்டும் எடுத்தால் ஆயுத வியாபாரியும் அமைதியாக ஆயுதம் விற்கலாம்.

அடுத்தது பேரம். கஷ்டத்தில் இருப்பவர் கடவுளிடம் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிற தாயிடம் நிஷ்காமம், அதாவது பலனை எதிர்பார்க்காமை, பற்றிப் பேசுகிறவனுக்கு மதமும் தெரியாது, மனிதரும் தெரியாது. அந்த வேண்டுதலில் 'நான்' கரைந்துபோய்த்தான் இருக்கிறது. நான் சொல்வது ஒப்பந்தத்தை. இதைச் செய்தால் இது நடக்கும், இத்தனை முறை சொன்னால் இன்ன பலன், நடக்கவில்லை என்றால் இடத்தை மாற்று. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபியா என்ற ஞானி ஒரு கையில் தீப்பந்தமும் ஒரு கையில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனார் என்று இஸ்லாத்தின் சூஃபி ஞான மரபில் ஒரு கதை உண்டு. எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன், இந்த இரண்டும் இல்லாமல் போனால்தான் ஜனங்கள் கடவுளைக் கடவுளுக்காக நேசிப்பார்கள் என்றாராம். சொர்க்கத்துக்கு ஆசைப்படுவதையே பேரம் என்று நினைத்த ஒரு பெண் அவர். நாம் அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை, பதவி உயர்வோடு நின்றுவிடுகிறோம்.

மூன்றாவது, எனக்கு அதிகக் கவலை தருவது, மதம் வெறும் அடையாளமாகிப் போனது. நவீன அரசுகள் மக்களை எண்ணத் தொடங்கியபோது மதத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள், இந்தியாவில் 1871-72 கணக்கெடுப்பிலேயே அது வந்துவிட்டது. கட்டத்தில் எழுத ஒரே ஒரு சொல்தான் வேண்டும். நீ அதை வாழ்கிறாயா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. எண்ணிக்கை வந்ததும் கூடவே 'நாம் இத்தனை பேர், அவர்கள் அத்தனை பேர்' வந்தது, அதற்குப் பின்னால் பயம் வந்தது, பயத்தை வைத்து அரசியல் வந்தது. இன்று தன் மதத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்று சொல்கிற பலருக்கு அந்த மதம் என்ன சொல்கிறது என்று தெரியாது. இது என் எரிச்சல் மட்டும் அல்ல. பியூ ஆய்வு மையம் 2010ல் அமெரிக்காவில் மதங்களைப் பற்றி 32 கேள்விகள் கொடுத்துச் சோதித்தது. சராசரியாகச் சரியான விடை 16. அதிகம் எடுத்தவர்கள் யார் தெரியுமா, கடவுள் மறுப்பாளர்களும் கடவுள் இருப்பு அறிய முடியாதது என்பவர்களும்தான், சராசரி 20.9. மதங்களைப் பற்றி மொத்தமாகப் பார்த்தால், மதத்தை நிராகரித்தவருக்குத் தெரிந்த அளவுக்கு அதற்குள் இருக்கிறவருக்குச் சராசரியாகத் தெரியவில்லை.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் மிகவும் உதவும். வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம் பிற இனத்தார் மீதான வெறுப்பு ஏன் அதிகமாகத் தெரிகிறது என்ற சங்கடமான கேள்வியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆராய்ந்தார்கள். மதத்தைப் பயன்படுத்துகிறவர், மதத்தை வாழ்கிறவர் என்று இரண்டு வகை இருப்பதைக் கண்டார்கள். முதல் வகைக்கு மதம் என்பது அந்தஸ்து, பாதுகாப்பு, ஆள்பழக்கம். இரண்டாம் வகைக்கு அதுதான் வாழ்க்கையின் அச்சாணி, மற்றத் தேவைகள் அதற்குப் பின்னால்தான். வெறுப்பு அதிகமாக இருந்தது முதல் வகையிடம். அதைவிடவும் அதிகமாக இருந்தது, மதத்துக்கு ஆதரவான எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும், முன்னுக்குப் பின் முரணாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டவர்களிடம். பிறகு வந்தவர்கள் இந்த இரு வகைப் பாகுபாட்டை நிறைய விமர்சித்திருக்கிறார்கள், அது சரிதான், மனிதர்கள் இவ்வளவு சுத்தமாகப் பிரிய மாட்டார்கள். ஆனாலும் அந்த மூன்றாவது கூட்டத்தை, எதற்கும் ஆமாம் போடுகிற கூட்டத்தை, நாம் தினமும் கைபேசியில் பார்க்கிறோம்.

அசோகர் தன் 12ஆவது பாறைக் கல்வெட்டில் இதைத்தான் பேசுகிறார். தானமும் மரியாதையும் எனக்கு அவ்வளவு பெரிதல்ல, எல்லாச் சமயங்களிலும் சாரம் வளர்வதுதான் பெரிது என்கிறார். அந்தச் சாரத்துக்கு வேர் எது என்றால் நாவடக்கம் என்கிறார், தன் சமயத்தைப் புகழ்ந்து பிற சமயத்தை இழித்துப் பேசுகிறவன் தன் சமயத்துக்குத்தான் கேடு செய்கிறான் என்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஒரு பேரரசர் பாறையில் வெட்டி வைத்த யோசனை இது, அதுவும் கலிங்கத்தில் அத்தனை பேரைக் கொன்றுவிட்டு அந்தப் பாரத்தோடு எழுதியது. இன்று ஒருவர் தன் மதத்தை எவ்வளவு நேசிக்கிறார் என்பதற்கு, அடுத்தவர் மதத்தை எவ்வளவு கடுமையாகத் திட்டுகிறார் என்பதே சான்றாகிவிட்டது.

இவை எல்லாம் பலரும் பேசுகிற காரணங்கள்தான். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு, அது அவசரம். 1973ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், மதத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்துவிடும். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள், அதாவது நாளைக்குப் போதகர்களாகப் போகிறவர்கள், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சின்ன உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு வேலைவாய்ப்பு பற்றியது. சிலருக்குக் கொடுத்தது நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பூசாரி கடந்துபோனார், கோயில் ஊழியம் செய்யும் லேவியர் கடந்துபோனார், யாரும் மதிக்காத சமாரியன் ஒருவன் நின்று காயம் கட்டினான் என்று இயேசு சொன்ன அதே கதை. போகிற வழியில், ஒரு சந்தில், கதவோரமாக ஒருவர் தலையைத் தொங்கப்போட்டு இருமி முனகிக்கொண்டு கிடப்பார், அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். மாணவர்களில் சிலரிடம் மட்டும், ஐயோ நேரமாகிவிட்டது, அங்கே உனக்காகக் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் போ என்று சொல்லி அனுப்பினார்கள்.

மொத்தம் 40 பேரில் ஏதோ ஒரு வகையில் உதவியவர்கள் 16 பேர். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். என்ன தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போகிற அவசரத்தில், கீழே கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

அந்த மாணவர்கள் போலிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், அந்தக் கதையை மனதார நம்பியவர்கள்தான். நின்றுபோகிற அளவுக்கு நேரம் இல்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். நம் எல்லோரிடமும் இப்போது காலையிலிருந்து இரவு வரை அதுதான் சொல்லப்படுகிறது. ஆகவே மதத்தின் பொருள் தொலைந்ததில் கெட்ட எண்ணத்துக்கு இருக்கும் பங்கைவிட நேரமின்மைக்கு இருக்கும் பங்கு பெரிது என்று நம்புகிறேன். பழைய மதங்கள் இதை எப்படியோ புரிந்து வைத்திருந்தன. யூதர்களின் ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பார்த்தால் நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்பதில்லை; உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன்னிடத்தில் தங்கியிருக்கும் அந்நியனும், உன் மாடும் கழுதையும் ஓய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. முதலாளி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேலைக்காரன் உழைத்துக்கொண்டிருந்தால் அது ஓய்வுநாள் ஆகாது. இன்று நாம் ஒரு மணி நேரம் அமைதியாக வழிபட வேண்டும் என்றால் அதற்காக எத்தனையோ பேர் அந்த ஒரு மணி நேரமும் ஓடுகிறார்கள், அவர்களுக்கு எந்த நாளும் ஓய்வுநாள் இல்லை.

பக்தியைக் காட்சிப்படுத்துவது பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொன்னதும், பிறர் பார்ப்பதற்காகத் தொழுதுவிட்டு அற்பமான உதவியைக்கூட மறுக்கிறவர்களுக்குக் கேடுதான் என்று குர்ஆன் சொல்வதும் ஒரே எச்சரிக்கை. தமிழில் இதற்குப் பூசலார் இருக்கிறார், திருநின்றவூரில் வாழ்ந்த நாயன்மார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசில்லை, கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை, அதனால் மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. மன்னன் கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். மன்னன் தேடிப் போய்க் கேட்டால் அந்த ஊர்க்காரர் யாருக்கும் அப்படி ஒரு கோயில் தெரியாது, மனதில் கட்டியது என்று பூசலாரே சொன்னார். கதையில் எனக்குப் பிடித்த இடம், மன்னன் அடுத்துச் செய்ததுதான், அவன் கோபப்படவில்லை, அவர் காலில் விழுந்தான். யாரும் பார்க்காமல் ஒருவர் செய்ததைப் பெரிது என்று ஒப்புக்கொள்ள ஓர் அரசனால் முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்போ மதம் என்பது தனிப்பட்ட விஷயம், அவரவர் மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று முடிவுக்கு வரலாம். அதுவும் தவறு, பூசலார் கதையை அப்படி எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். ராபர்ட் பட்னமும் டேவிட் கேம்ப்பெல்லும் 2010ல் அமெரிக்க மத வாழ்க்கையைப் பற்றி வெளியிட்ட பெரிய ஆய்வில், மத ஈடுபாடு உள்ளவர்கள் பணம் கொடுப்பதிலும் உழைப்புக் கொடுப்பதிலும் தாராளமாக இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அதற்குக் காரணம் என்ன நம்புகிறார்கள் என்பது அல்ல, வழிபடும் இடத்தில் அவர்களுக்கு இருக்கும் நட்பும் உறவும்தான். ஆழமான நம்பிக்கை இருந்தும் அங்கே யாரையும் தெரியாமல் தனியாக வந்து போகிறவரிடம் அந்தத் தாராளம் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் போன மாதம் வேலையை இழந்தார் என்று தெரிந்தால்தான் நாம் ஏதாவது செய்வோம். திரையில் ஓடும் நேரலை வழிபாட்டில் பக்கத்தில் யாரும் இல்லை, பெரிய வழிபாட்டுத் தலங்களின் வரிசையில் பக்கத்தில் இருக்கிறவர் நமக்கு முன்னால் போய்விடுவாரோ என்பதுதான் கவலை.

மதமே இல்லாமல் நல்லவராக வாழ முடியாதா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக முடியும், அப்படி வாழ்கிறவர்கள் ஏராளம். மருத்துவமனை, பள்ளி, ஏழைகளுக்கான உதவி என்று ஒரு காலத்தில் மத அமைப்புகள் செய்ததில் பெரும்பகுதியை இன்று அரசு செய்கிறது, உரிமையாகக் கிடைப்பது தர்மமாகக் கிடைப்பதைவிட மேல், அதில் மதம் இழந்தது எதுவும் இழப்பல்ல. ஆனால் தன்னைத்தானே மறுத்துப் பழகும் பயிற்சியை எந்த அரசாலும் கொடுக்க முடியவில்லை, சந்தை அதற்கு நேர் எதிரானதைக் கற்றுத் தருகிறது. அந்த வேலைக்கு மதங்களிடம் பல நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது, நோன்பு, தானம், மௌனம், மன்னிப்பு கேட்டல் என்று.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் பணத்தையும் வேலையையும்தான் காட்டுவேன். ஆமோஸ் தராசில் தொடங்கினார், புத்தர் பிழைப்பைத் தியானத்துக்கு முன்னால் வைத்தார், ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரரைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. உங்கள் மதம் எதுவாக இருந்தாலும், சம்பாதிப்பது பற்றியும் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பற்றியும் அது சொல்லியிருக்கிற பகுதியைத் தேடி எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அது உரைகளில் வராத பகுதியாகத்தான் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, கூலியைச் சொன்ன நாளில் கொடுப்பதோ, எடையில் குறைக்காமல் இருப்பதோ, வாங்கிய கடனை இழுத்தடிக்காமல் இருப்பதோ, ஒரு வருடம் விடாமல் கடைப்பிடித்துப் பாருங்கள். கையிலிருந்து கொஞ்சம் காசு போகும், சில இடங்களில் ஏமாளி என்று சொல்வார்கள், அப்போது உங்கள் மதம் உங்களிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பது தெரிய ஆரம்பிக்கும்.